சரிபார்த்தவர்

நாத்தனார்: அண்ணி, கம்ப்யூட்டர் லேப் கதவ சாத்திட்டு வாங்க... மெதுவா!

அண்ணி: என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? மூணு மணிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் இன்டர்வியூ. போய் மூஞ்சிய கழுவு.

நாத்தனார்: அண்ணி, நேத்து நான் எழுதிப் போட்ட கோடு... அந்த கிளினிக் டோக்கன் ப்ராஜெக்ட்ல...

அண்ணி: அதுக்கென்ன? ஊருக்கே தொறந்து வெச்ச ஓப்பன் சோர்ஸ்ல என் பேரும் ஏறிடுச்சுன்னு உங்கண்ணன்கிட்ட அவ்ளோ பீத்திக்கிட்டியே!

நாத்தனார்: கிளினிக்கோட பாஸ்வேர்ட அதுக்குள்ளயே விட்டுட்டேன். சோதிச்சுப் பாக்க எழுதினது... எடுக்க மறந்துட்டேன்.

அண்ணி: ஐயையோ... நெஜ பாஸ்வேர்டா?

நாத்தனார்: நம்ம கோர்ஸ் சார் நம்பிக் குடுத்தாரே, அதேதான். நோயாளிங்க பேரு, போன் நம்பர், என்ன வியாதி... எல்லாம் தொறந்து கெடக்கு. யார் வேணா பாக்கலாம்.

அண்ணி: உடனே அழிச்சுத் தொலையேன்!

நாத்தனார்: அழிச்சேன். ஆனா பழைய பிரதி அப்படியே நிக்குமே... இங்க போட்டது போட்டதுதான்னு சார் முதல் நாளே சொன்னாரே.

அண்ணி: சரி, அழாத. நேரா சார்கிட்ட போய்...

நாத்தனார்: சொன்னா இன்டர்வியூவுக்கே விடமாட்டாரு! ஆறு மாசக் கோர்ஸ் அண்ணி... உங்களோட சேந்து போறேன்னுதானே அம்மா விட்டாங்க. வேலை கெடைக்கலன்னா மறுபடி வாசப்படி தாண்ட விடுவாங்களா?

அண்ணி: உங்கம்மாவ நான் சமாளிச்சுக்கறேன். அந்த நோயாளிங்கள நெனைச்சுப் பாரு. பாஸ்வேர்ட மாத்த சாராலதான் முடியும். எந்திரி.

நாத்தனார்: பயமா இருக்கு...

அண்ணி: எனக்கு மட்டும் என்னவாம்? எந்திரிடி!

நாத்தனார்: ...வரேன். இருங்க, அந்தப் பக்கத்த தொறந்து வெச்சுக்கறேன், காட்டச் சொல்வாரு. எழுதினவர்... என் பேரு. சரிபார்த்தவர்...

அண்ணி: என்ன?

நாத்தனார்: உங்க பேரு அண்ணி.

அண்ணி: எங்க, காட்டு.

நாத்தனார்: ஆமால்ல, ரெண்டாவது ஆள் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தானே உள்ளயே போகும். வாங்க, ரெண்டு பேருமா போய் நிப்போம்.

அண்ணி: கொஞ்சம் இரு.

நாத்தனார்: ஏன்?

அண்ணி: இன்டர்வியூ முடியட்டுமே. அப்புறம் சொல்லிக்கலாம்.

நாத்தனார்: இப்பதானே எந்திரி எந்திரின்னு வெரட்டினீங்க!

அண்ணி: ரெண்டு மணி நேரத்துல என்ன குடி முழுகிடப் போகுது?

நாத்தனார்: அண்ணி... பாஸ்வேர்ட் பத்தாவது வரியிலயே இருக்கு. பாத்துட்டும் ஏன் சொல்லல? என்மேல ஏதாவது கோவமா?

அண்ணி: சீ, பைத்தியம்! உன்மேல எனக்கென்னடி கோவம்...

நாத்தனார்: பின்ன? கிளாஸ்லயே அதிகமா சரிபார்த்தது நீங்கதான். முந்நூறுக்கு மேல! அதப் பாத்துட்டுத்தானே, மத்தவங்க கோட சரிபாக்கற வேலைக்கே இன்னிக்கு உங்கள கூப்பிட்டிருக்காங்க. உங்க கண்ணுக்கா இது படல?

அண்ணி: கத்தாத... சார் காதுல விழும்.

நாத்தனார்: விழட்டும். சொல்லுங்க அண்ணி!

அண்ணி: நான் படிக்கலடி... தொறந்துகூடப் பாக்கல. இது மட்டுமில்ல... அந்த முந்நூறுல ஒண்ணக்கூட.