பதினொன்று நாற்பதுக்கு மூடப்படும் சாலை

மாலை ஆறேகாலுக்கு முர்ரே தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "எனக்கும் ரெண்டு உருளைக்கிழங்கு எடுத்து வெச்சிடு" என்று மனைவி நோலீனிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். தரானகி மலையடிவாரச் சாலை. ஆள் அரவம் இல்லை. ராத்திரி திரும்பும்போது ஒரு வளைவில் வண்டி நின்றுபோனது. போனில் சிக்னல் இல்லை. இறங்கிப் பனிமூட்டத்தில் நடந்தான்... பதினொன்று நாற்பதுக்கு எதிரே வந்தது அவன் வேலை பார்த்த தொழிற்சாலையின் பால் லாரிதான்.

நோலீன் என் அண்ணியோடு வேலை பார்த்தவள். அண்ணி கதை கட்டுகிற ஆள் இல்லை.

முர்ரே செத்து ஐந்து மாதம் போனது. அதே தொழிற்சாலையில், எந்த லாரி எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று தினமும் பட்டியல் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் நோலீனின் வேலை. செப்டம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பண்ணை உதிர ஆரம்பித்தது. கெல்வின் ஸ்டொடார்ட்டின் பண்ணை.

மூன்றாம் நாள் கெல்வின் போனில் கத்தினார். "ஏம்மா, நூத்தி எண்பது மாடு! மூணு நாள் பாலைப் புல்லுல கொட்டியாச்சு. நாளைக்கும் லாரி வரலேன்னா அத்தனையையும் ஓட்டிட்டு வந்து உன் ஆபீஸ்ல கட்டறேன், நீயே கற!"

கோளாறு சின்னதுதான். அந்தப் பண்ணைக்குப் போகும் மலையடிவாரச் சாலை 'மூடல்' என்று பதிவாகியிருந்தது. நோலீன் 'திறப்பு' என்று மாற்றுவாள். காலையில் பார்த்தால் மறுபடி 'மூடல்'. மூன்று நாளும் இதே கூத்து.

ஆக்லாந்து அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பையன் தெவிதாவை அழைத்தாள்.

"அக்கா, சோதனைக் கணினியிலேர்ந்து ராத்திரி ஒரு நகல் வந்து மேல விழுதில்ல? அதுதான் பழசைக் கொண்டு வருது."

"அதை முந்தாநாளே நிறுத்திட்டேன்டா."

"அப்போ யாரோ கை வெக்கறாங்க. காரணக் கட்டத்தைப் பாரு."

காரணம் எழுதாமல் எதையும் மாற்ற முடியாது. அது தொழிற்சாலையின் விதி. யாரும் மதிப்பதில்லை, தெவிதாவே 'பசிக்குது' என்று எழுதி வைப்பவன். நோலீன் பார்த்தாள். மூன்று இரவும் பதினொன்று நாற்பது. காரணக் கட்டத்தில் ஒரு புள்ளி. மாற்றியவர்: முர்ரே.

"என் புருஷனோட லாகினை ஏப்ரல்லயே மூடச் சொன்னேனே! ஒரு வேலையாவது உருப்படியா செய்றீங்களா?"

தெவிதா விசைகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மூடியாச்சுக்கா. நானேதான் மூடினேன்."

அன்றிரவு அவள் வீட்டுக்குப் போகவில்லை. பதினொன்றரைக்குத் 'திறப்பு' என்று மாற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தாள். எவன் என்று பார்த்துவிடுகிற கோபம். ஹீட்டர் மட்டும் டிக்... டிக்கென்றது.

பதினொன்று நாற்பது. ஹீட்டர் சத்தம் நின்றது. நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை... பின்னால், மிகப் பக்கத்தில். அவள் திரும்பவில்லை.

திரையில் 'திறப்பு' 'மூடல்' ஆனது. காரணக் கட்டத்தில் அந்தப் புள்ளி விழுந்தது. அழிந்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக... இரண்டே விரலால் தட்டுகிறவனின் வேகத்தில்...

'ரோட்டுல ஆள் இருக்கு.'

நோலீன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'மூடல்' என்பதைத் தொடவில்லை. கல்குவாரிப் பக்கமாகச் சுற்றிப் போகும் வழியைக் கையாலேயே பட்டியலில் சேர்த்தாள். விடியும்போது கெல்வினின் பால் வந்து சேர்ந்தது.

அதன்பின் அந்த வளைவை வெட்டிச் சாலையை நேராக்கிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து அதில்தான் போகிறது, கெல்வினின் டிராக்டரும் போகிறது. தொழிற்சாலையில் பழைய மென்பொருளையே தூக்கிவிட்டுப் புதியது போட்டாயிற்று. நோலீனும் வேலையை விட்டுவிட்டாள்.

பால் லாரி மட்டும் இன்றைக்கும் பத்தொன்பது கிலோமீட்டர் சுற்றித்தான் போகிறது.