உட்கார்ந்து செய்கிற வேலை

இன்னொருவர் வாய் வைத்துக் குடித்த தம்ளரை நான் தொட மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் எனக்கென்று தனித் தம்ளர் உண்டு, அதைக் கழுவுவதும் நானே. "உங்களுக்குப் பொண்டாட்டிக்குப் பதிலா ஒரு சோப்புக் கட்டியைக் கட்டி வெச்சிருக்கலாம்" என்று என் மனைவி கேலி செய்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அலட்சியமான ஆள் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடக் கூடாது, மேடம்.

பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையில் வண்ணப் பிரிவுக்கு நான் மேஸ்திரி. கோப்பை விளிம்புக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடுமே, அது எங்கள் பிரிவுப் பெண்கள் கையால் போடுவது. கோப்பையைச் சுழல்தட்டில் வைத்து இடது கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தூரிகை அசையக் கூடாது. ஒரு சுற்று வந்து கோடு தொடங்கிய இடத்தைத் தொடும்போது, எங்கே சேர்ந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்கு முனை கூராக இருக்க வேண்டும். துணியில் துடைத்தால் தட்டையாகிவிடும், தண்ணீரில் நனைத்தால் நிறம் வெளுத்துவிடும். உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு இழு இழுத்தால்தான் முடியெல்லாம் ஒன்றாகக் கூடும்.

வேலைக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அப்படி இழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பார்க்க எனக்குக் குமட்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் உதட்டைக் குவிப்பதும், நாக்கு நுனி சிவந்து கிடப்பதும், அந்தச் சப்புகிற சத்தமும் எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் சூளையில் வெந்து வந்த கோப்பையில் எச்சில் இருக்காது, கோடு மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்தால் வயிறு அடங்கிவிடும்.

அந்தச் சிவப்பு நிறத்தைக் குழைக்கிற பொடியில் ஈயம் இருக்கிறது. பொடி விற்கும் கம்பெனியின் ஆள் ஒருமுறை வந்து, மேஸ்திரிகளை மட்டும் உட்காரவைத்துச் சொன்னார். "வாயில படவே கூடாது. முக்கியமா வயித்துல பிள்ளை இருக்கறவங்க இந்தப் பக்கமே வரக் கூடாது. அம்மா எலும்புல போய்த் தங்கிக்கும், அங்கேருந்து பிள்ளைக்கு இறங்கும். தாடை ஒழுங்கா வளராது, பல்லு முளைக்கும்போதே பொரிஞ்சு போயிருக்கும்." நான் தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நிற்கவில்லை. மறுநாளே எல்லோரையும் துணியில் துடைக்கச் சொன்னேன். கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது, சேரும் இடமெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. முதலாளி ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்தார், உடைசல் கூடையில் போட்டுவிட்டுப் போனார். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. தூரிகைகள் உதட்டுக்குத் திரும்பின. ஏன் நிறுத்தினோம், ஏன் திரும்பினோம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முழுகாமல் இருப்பவர்கள் போடும் கோடுதான் இருப்பதிலேயே நேர்த்தி. பொடி தித்திக்கும், பெண்கள் அதற்குச் 'சர்க்கரை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மசக்கையில் வாய் கசந்து கிடப்பவர்களுக்கு அது இதமாக இருந்ததாம். "குமட்டிக்கிட்டு வந்தா சர்க்கரையில ஒரு இழு போதும் மேஸ்திரி, அப்படியே அடங்கிடுது" என்று ஊசி சொன்னாள். கோடு அவ்வளவு மெல்லியதாகப் போடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மற்றவர்கள் ஒருமுறை இழுக்கும் இடத்தில் இவர்கள் சும்மா சும்மா இழுத்துக்கொண்டே இருந்தார்கள். முனை மழுங்கவே இல்லை.

அதனால் எவளுக்கு நாள் தள்ளிப்போனது என்று தெரிந்தாலும் அவளைக் கோடு போடும் சிவப்பு மேசைக்கு மாற்றினேன். கோப்பை சுமப்பது, பெட்டி அடுக்குவது என்று நின்று செய்கிற வேலையிலிருந்து உட்கார்ந்து செய்கிற வேலைக்கு. முதுகுக்குத் தலையணைகூடக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். "பெத்த அப்பன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அந்த மேசையில் ஒருத்திக்கும் கால் வீங்கியதில்லை, அது உண்மைதானே.

பிள்ளைகளை வேலை விடும் நேரத்தில் வாசலுக்குத் தூக்கி வருவார்கள். மற்றவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், நான் வாயைப் பார்ப்பேன். ஓடியாடுகிற வயதிலும் ஈறு வெறுமையாக இருக்கும். முளைத்த பல்லோ பழுப்பாக, குழி குழியாக, உளுத்த கட்டை மாதிரி இருக்கும். கீழ்த்தாடை உள்ளே போய், வாய் மூடாமல், எச்சில் மார்பு வரை வழியும். ஊசியின் மகன் தான் சப்பிய பிஸ்கட்டை ஒருநாள் என் கையில் திணித்தான். கழுவிக் கழுவிப் பார்த்தேன், அந்தப் பிசுபிசுப்பு கையைவிட்டுப் போகவில்லை. விரல் சப்புவதால் என்றாள் ஒருத்தி, மாமியார் வீட்டு வாகு என்றாள் இன்னொருத்தி. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சா சரியாயிடும்" என்றேன் நான்.

என் தங்கையும் எங்கள் பிரிவில்தான் இருந்தாள். நல்ல கை. அவளுக்கு நாள் தள்ளிப்போனதும் நான் அவளை வைக்கோலும் அட்டையும் கிடக்கும் பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பினேன். நாள் முழுக்க நின்றபடி கோப்பைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. எல்லோர் எதிரிலும் அழுதாள்.

"ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் நாற்காலி, கூடப் பிறந்தவளுக்குக் கால் வலியா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பாண்ணா?"

"சொந்தக்காரிக்குச் சலுகை காட்டறேன்னு பேசுவாங்கம்மா" என்றேன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய இடம் இதுதான்.

நான் சூளைப் பக்கம் போகும் நேரமெல்லாம் ஊசி இரக்கப்பட்டுத் தன் நாற்காலியை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, தான் போய்ப் பெட்டி அடுக்கியிருக்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் இடம் மாறிக்கொள்வார்களாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் தங்கையின் கை, கோட்டை முடிக்கும் இடத்தில் ஒரு மயிரிழை மேலே ஏறி இறங்கும். சிலேட்டில் வட்டம் போடும் வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். சூளையிலிருந்து வந்த கோப்பைகளில் அதைப் பார்த்தேன். அடுத்த சூளையிலும் பார்த்தேன்.

கண்டிக்கலாம் என்றுதான் போனேன். அங்கே உட்காராதே என்றால் ஏன் என்பாள். அவளுக்குச் சொல்கிற பதில் அந்த மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும். வீட்டில் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவள் வாயில் ரகசியம் தங்காது, ஊசியிடம் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் சூளைப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே நடந்து போனேன், திரும்பும்போதும் அப்படியே வந்தேன். அவள் கோப்பைகளை முதல் தரத்தில் வைத்தேன், அவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. இப்போது பேசுகிற வயது. உதடு இரண்டும் சேராததால் அதற்கு 'மாமா' என்று சொல்ல வராது, 'ஆ ஆ' என்றுதான் கூப்பிடும். போன மாதம் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தது. கன்னமெல்லாம் ஈரம், அழுகல் வாடை. நான் எழுந்து போய்ச் சோப்புப் போட்டு முகம் கழுவினேன். தங்கை துண்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் பல்லைப் பார்த்துவிட்டு, பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்ன வேலை செய்தாய் என்று கேட்டிருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்தாள், கூடவே ஊசியும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"அண்ணா, நீ என்னை மட்டும் ஏன் நிக்க வெச்சே?"

ஊசி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகனின் வாயைக் கையால் மூடி, தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். தெரியும். தெரிந்துதான் அவர்களை உட்கார வைத்தேன், தெரிந்துதான் என் தங்கையை நிற்க வைத்தேன். என்னால் ஆனதைச் செய்துதான் பார்த்தேன், மேடம். அவள் மட்டும் நான் சொன்ன இடத்தில் நின்றிருந்தால், ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.