மூணாம் நம்பர் பாட்டில்

கமருன்னிஸா: …அப்ப மரிக்கொழுந்து எண்ணெயை ஷாம்பூவுல கலக்கத்தான் உன் மவ கெமிஸ்ட்ரி படிச்சிச்சா, தங்கம்?

தங்கம்மாள்: ஷாம்பூ இல்லக்கா. நுரை கட்டுற சரக்கு. வெறும் தண்ணியில எண்ணெய் சேருமா? மேல மெதக்கும், வாசனை ரெண்டே நாள்ல பறந்துடும். இந்தச் சரக்கு எண்ணெயைப் பொடித் துளியா உடைச்சு, ஒவ்வொண்ணையும் சுத்தி வளைச்சுப் புடிச்சுக்கும்.

கமருன்னிஸா: எங்க மாமியா மாதிரி.

தங்கம்மாள்: அளவு கூடினா வாசனையை வெளியவே விடாது…

கமருன்னிஸா: எங்க மாமியாவேதான்.

தங்கம்மாள்: கேளுங்கக்கா. அளவை மாத்தி மூணு பாட்டில் போட்டா சுடர்விழி. அதுலயே கெடந்து அவ மூக்கு மரத்துப் போச்சு. “திருவிடைமருதூர் சன்னதியில இருபது வருஷம் கதம்பம் கட்டின மூக்கு, எத்தனை நாள் வாசனை நிக்குதுன்னு நீயே மோந்து பாத்து எழுதும்மா”ன்னு நோட்டைக் குடுத்துட்டா. நாப்பது நாள் எழுதினேன். மூணாம் நம்பர்தான் நிக்குதுன்னு சொன்னேன். அதை மட்டும் எடுத்துக்கிட்டு கும்பகோணம் சோப்பு கம்பெனிக்குப் போயிருக்கா.

கமருன்னிஸா: அங்க நிக்கலன்னா?

தங்கம்மாள்: பெங்களூர் வேலைக்குப் போயிடுவா. சொந்தமா செய்யற ஆசையெல்லாம் அதோட…

கமருன்னிஸா: அதான் கீரையை ஆயாம வேரோட சட்டியில போடுறியா?

தங்கம்மாள்: அக்கா… யாருகிட்டயும் சொல்லாதீங்க.

கமருன்னிஸா: நான் எங்கடி சொல்லப் போறேன்?

தங்கம்மாள்: அதான் பயமா இருக்கு.

கமருன்னிஸா: சொல்லித் தொலை.

தங்கம்மாள்: கொரோனாவுல போன வாசனை எனக்குத் திரும்பவே இல்ல. சாம்பாரும் சாணியும் ஒண்ணுதான். அவ அவ்வளவு நம்பிக் குடுக்கிறப்ப… சொல்ல வாய் வரல.

கமருன்னிஸா: அடிப்பாவி. அப்ப நாப்பது நாளும் என்னத்த எழுதின?

தங்கம்மாள்: இருங்க, போன்… சொல்லும்மா… என்னது?… சரி… சரிம்மா…

கமருன்னிஸா: அழுவுறியா, சிரிக்கிறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணு.

தங்கம்மாள்: எடுத்துக்கிட்டாங்கக்கா. துணியில நனைச்சு மூணு மணி நேரம் காத்தாடிக்குக் கீழ போட்டும் வாசனை அப்படியே நின்னுச்சாம். முதல் ஆர்டரே ஐந்நூறு லிட்டர். “எல்லாம் எங்கம்மா மூக்கு”ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாளாம்.

கமருன்னிஸா: செத்த மூக்கு. குருட்டாம்போக்குல எழுதி பெத்த புள்ளயவே ஏமாத்தியிருக்க.

தங்கம்மாள்: குருட்டாம்போக்கு இல்லக்கா. தினமும் காலையில ஒண்ணாம் நம்பர்ல நனைச்ச துணி, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் மூணுன்னு உங்க வீட்டுச் சுவத்தோரம் எங்க கொடியில போடுவேன். காலையில அஞ்சு நாள் எட்டிப் பாத்து “என்னடி வாசனை”ன்னு கேட்டீங்க, அப்புறம் ஆளைக் காணோம். மத்தியானம் பன்னெண்டு நாள். சாயங்காலம் மட்டும் நாப்பது நாளும் தலை தெரிஞ்சுது. அந்த நோட்டுல இருக்கிறது பூரா உங்க மூக்குதான்.