மைதானம் வரைந்தவர் மகள்

மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு இளம்பெண் நீண்ட காகிதச் சுருளை மடியில் வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் விசாரித்தாள்.

“அது என்ன மக்களே?”

“துரைமாரு பந்தடிச்ச கோல்ப் மைதானம். எங்க அப்பா வரஞ்சது.”

“அத ஒரு துரைதான உண்டாக்கினாரு?”

“துரை பந்துதான் அடிச்சாரு. சர்வேயரா இருந்த எங்க அப்பாதான் மேடு, குழி எல்லாம் எங்க வரணும்னு குறிச்சாவ. இப்போ கிளப்புல கல்லு வைக்கப் போறாவளாம், துரைக்க பேர மட்டும் கொத்தி.”

“துரைமாரே போயாச்சு. இப்போ உள்ள கிளப்புக்காரவிய நீ சொன்னா நம்புவாவளா?”

“நான் ஒண்ணும் சொல்லாண்டாம். இந்தப் படத்துல ஒவ்வொரு குழிக்குக் கீழயும் அப்பா கையெழுத்து இருக்கு, பாக்கட்டும்.”

“அப்பா என்ன சொல்லுதாரு?”

“புல்லு பச்சையா நின்னா போதும்னு சொல்லுதாவ. எனக்குப் போதாது.”