மணிக்கு ஒரு டம்ளர்

செடி வைக்கிற பலருக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது. வாளியோடு கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மேல்மண் நனையும், வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அக்காவின் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பாத்தியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? இரண்டு முழம் இருக்கும், காசித்தும்பை. அக்காவின் மகள் வைத்தது. பக்கவாதத்தில் அக்காவுக்குக் கைகால் விழுந்து பேச்சும் நின்றுபோனது. அம்மா படுத்தபடியே பார்க்கப் பூ வேண்டும் என்று நட்டுவிட்டு அவள் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் வருவாள். அக்காவையும் பாத்தியையும் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன்.

அந்த மகளை வளர்த்ததே நான்தான். அக்கா காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். மூன்று வயதில் ஒருநாள் குழந்தை என்னை "அம்மா" என்றது. அக்கா சிரித்துக்கொண்டே, "சித்தின்னு சொல்லு கண்ணு" என்று திருத்தினாள். சிரிக்காமல் திருத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

பாத்தி காய்ந்துகொண்டே வந்தது. ஒட்டினாற்போல் இரண்டு பழைய செம்பருத்திப் புதர்கள். தோட்டக்காரர் மண்ணை விரலால் கிளறிக் காட்டினார். "பழைய வேரு எல்லாத்தையும் உறிஞ்சிடுதும்மா. பக்கத்துல சின்னது எப்படித் தலையெடுக்கும்?" புதரை வெட்ட வேண்டாம், மக்கிய உரம் கலந்து, நாலு விரல் கனத்துக்குச் சருகைப் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஈரம் நிற்கும் என்றார். நியாயமான மனுஷர்.

டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். மணிக்கு ஒரு டம்ளர், ஸ்பூனால், பொறுமையாக. கொடுத்ததும் டிக் போட மகள் நோட்டில் கட்டம் கட்டி வைத்திருந்தாள்.

முதலில் ஒன்றிரண்டு டம்ளர்தான் ஜன்னல் வழியாகப் போனது. அந்த ஞாயிறு அவள் வந்து ஊட்டினாள். அக்கா ஸ்பூனை விடவே இல்லை. "பாத்தீங்களா சித்தி, என் கையால குடுத்தா எப்படிக் குடிக்கிறாங்க" என்று பூரித்துப்போய் அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்ததற்கே இத்தனை கொஞ்சல். வாரம் முழுக்க அழுக்குத் துணி அலசியவளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பாதிக்கு மேல் பாத்திக்கே போனது. காசித்தும்பை பூத்தது. வந்தவள் பூவைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கை பட்டா எதுவும் பொழச்சுக்கும் சித்தி." இருபத்தைந்து வருஷத்தில் எனக்கென்று அவள் சொன்னது அது ஒன்றுதான்.

அதன்பிறகு எல்லா டம்ளரும் பாத்திக்குத்தான். நோட்டில் ஒரு கட்டம்கூட விடாமல் டிக் போட்டேன். அக்காவின் கண் டம்ளரோடு ஜன்னல்வரை வரும், டம்ளரோடு திரும்பும். வெள்ளிக்கிழமை அது அசையவில்லை.

உதடு வெடித்திருந்ததையும் நாக்கு வறண்டிருந்ததையும் டாக்டர் எழுதியிருக்கிறார் என்றீர்கள். ஊரே காய்ந்து கிடக்க இந்தப் பாத்தி மட்டும் எப்படி ஈரமாக இருக்கிறது என்று தோட்டக்காரர் சருகை விலக்கிப் பார்த்தாராம். பார்த்துவிட்டுத் திரும்பப் போர்த்தினாரா என்று கேளுங்கள், வெயில் கடுமையாக இருக்கிறது.

நான்தான் ஊற்றினேன். அக்காவுக்குக் கொடுக்காமல் ஊற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தாகமாக இருக்கிறது என்று வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கொடுக்காமலா இருந்திருப்பேன்?