உள்தாழ்ப்பாள்

— அத்தை, இன்னொருக்கா சொல்றேன். கதவத் தொறங்க.

— நானும் இன்னொருக்கா சொல்றனுங்க மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணுமில்ல. அசந்து தூங்கிப்போட்டேன். நீங்க முக்குக் கடையில ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வாங்க. அதுக்குள்ள மூஞ்சி கழுவி ரெடியாயிக்கறேன்.

— தூங்கறவங்க கதவுக்குப் பின்னாலயேவா நிப்பாங்க?

— ஆரு நிக்கறது?

— கீழ சந்துல கால் தெரியுதுங்க.

— கெரகம்! வெடியக்காலையில வாசல்ல நின்னு மாமியாக் காலப் பாத்துட்டு இருக்கறாரு பாரு, என்ற மாப்பிள்ளை.

— செவலை கத்துது. மடி கட்டியிருக்குதுங்க.

— கத்தட்டும். அதுக்கு வேறென்ன சோலி.

— சொசைட்டி ஆறுச்சாமி போன் பண்ணுனாரு. இந்த வாரம் முச்சூடும் வெடியாலப் பால் வல்லியாம். சாயங்காலம் பொழுதோட மட்டும் ஊத்தறீங்களாம்.

— அவனுக்குப் பால் அளக்கறது சோலியா, ஊர்க்கதை அளக்கறது சோலியா?

— வெரல் மடங்க மாட்டீங்குதுங்களா, அத்தை?

— தாப்பாளப் புடிக்க முடியலீங்க மாப்பிள்ளை. ராத்திரி நல்லாத்தான் போட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஒவ்வொரு வெரலும் பூவம்பழமாட்ட வீங்கிக் கெடக்குது. புடிச்சாப் புடி நிக்க மாட்டீங்குது.

— எந்நேரமா நிக்கறீங்க?

— கோழி கூப்புட்டதுலருந்து.

— எப்பக் கை எளகும்?

— வெயில் ஏறோணும். பத்து மணிக்கு மேல பாருங்க, வேலிக்கு முள்ளு கூட வெட்டுவேன். பத்து மணிக்குக் கறந்து ஆருக்கு ஊத்தறது? சொசைட்டி வண்டி ஏழுக்கே போயிருதே. கன்னுக்குட்டி குடிச்சுக் குடிச்சு, நடக்க முடியாம நடக்குது.

— கதவ ஒடைக்கட்டுங்களா?

— ஒடைப்பீங்க. பலாமரக் கதவு. உங்க தோள்தான் ஒடையும். அப்பறம் மாமியாளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கட்டப் போட்டுட்டு உக்காந்துக்கலாம். அதுமில்லாம, நீங்க உள்ள வரக்கூடாதுங்க.

— ஏனுங்க?

— நைட்டியோட நிக்கறேன்.

— அதனால என்னங்க.

— அதனால என்னவா? மாப்பிள்ளை முன்னால நைட்டியோட வந்து நிக்கறதுக்கு நானென்ன டிவியில வர்ற மாமியாளா?

— சேலையச் சுத்திக்குங்க. நான் அக்கட்டாலத் திரும்பிக்கறேன்.

— சேலைய எப்படியோ சுத்திருவேன். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியலீங்க. போதுமா? சொல்ல வெச்சுப்போட்டீங்க. கதவு இருக்கங்காட்டிச் சொன்னேன். மூஞ்சியப் பாத்திருந்தா சொல்லீருப்பனா?

— அதுக்குத்தான் சொசைட்டிக்குப் போகாம இருந்தீங்களா?

— பின்னே? வலிக்குதுன்னு நான் என்னைக்குங்க பண்ணையத்த விட்டிருக்கறேன்? நைட்டியப் போட்டுட்டு ரோட்டு மேல கேனத் தூக்கீட்டுப் போறதா? பொழுதோட கை எளகீருது, ரவிக்கையப் போட்டுட்டு மகராசியாட்டப் போறேன்.

— ஆசுபத்திரியில டின்சி மேடம் சொன்னாங்களே. கொக்கிக்குப் பதிலு ஒட்டற பட்டை வெச்சுத் தெச்சுக்கலாம்னு.

— அந்தப் புள்ள மலையாளத்துல என்னென்னமோ சொல்லுச்சு. பாதி புரிஞ்சுது, பாதிக்குத் தலைய ஆட்டுனேன்.

— புரிஞ்ச பாதி நாபகம் இருக்குங்களா?

— இருக்குது. இதுக்குப் பேரு ஆமவாதம், அதான் நம்ம முடக்குவாதம், சின்ன மூட்டுக்கு வேலை குடுக்காதீங்க, பெரிய மூட்டுக்குக் குடுங்கன்னுச்சு. வாளிய வெரல்ல தூக்காம முழங்கையில மாட்டிக்கச் சொல்லுச்சு.

— அதேதானுங்க இப்பவும். உள்ள துண்டு இருக்குங்களா?

— தோள்ல கெடக்குது. நைட்டிக்கு மேல வேறென்னத்தப் போடறது.

— முதல்ல கையச் சூடு பண்ணோணும். பிளாஸ்க்குல சுடுதண்ணி வெச்சிருப்பீங்களே?

— வெச்சிருக்கறேன். அந்த மூடியத் திருகறதுக்கு ஒரு கையக் கொண்டாங்க.

— சரி. கைய அக்குள்ல வெச்சுக்குங்க. சித்த நேரம்.

— அப்பருந்து அப்படித்தான் நிக்கறேன். குளுருக்கு நடுங்கற மந்தியாட்ட.

— வாராவாரம் வெள்ளிக்கிழமை மாத்திரை போடறீங்கதான?

— நிறுத்திப்போட்டேன். மாரியாத்தா நோம்பியிலருந்து.

— ஏனுங்க?

— போட்ட மறுநா வாயெல்லாம் கசப்பு. சோறு எறங்க மாட்டீங்குது. அதுமில்லாம, ஒவ்வொருக்காலும் நீங்க லீவு போட்டு என்னைப் பாலக்காட்டு ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறீங்க. என்ற புள்ள இருந்தா அவ கூட்டீட்டுப் போவா. அவ கண்ண மூடியே வருசம் ஆச்சு. பொண்டாட்டியே இல்ல, மாமியாள பஸ்ஸுல ஏத்தி எறக்கோணும்னு உங்களுக்கென்னங்க தலையெழுத்து?

— மாத்திரையத் தானா நிறுத்தக்கூடாதுங்க அத்தை. கசக்குதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னா வழி சொல்லுவாங்க.

— இனி எதுக்குங்க அதெல்லாம்? இன்னைக்கு என்ற அண்ணன் வர்றாரு.

— மாரப்ப மாமாவா? எதுக்கு?

— வண்டி எடுத்துட்டு. செவலையவும் சினைமாட்டையும் பொள்ளாச்சி சந்தையில எறக்கீட்டு, என்னை உடுமலையில அவரு ஊட்டுல எறக்கறதுக்கு.

— …

— ஏனுங்க, இருக்கறீங்களா?

— இருக்கறேன்.

— என்னமாச்சும் சொல்லுங்க.

— என்ன சொல்றது.

— நாலு வார்த்தைக்கு மேல பேசுனா பஞ்சாயத்துல வரி போடறாங்களா? என்ற புள்ள எப்படித்தான் குடும்பம் நடத்துனாளோ.

— துண்ட எடுங்க. தாப்பாள் புடிக்குப் பின்னால விடுங்க. ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்குங்க.

— ம்ம்.

— ரெண்டு முனையவும் முழங்கைக்கு மேல சுத்துங்க. வெரல் வேண்டாம். சுத்திட்டு, ஒடம்போட இடப்பக்கம் சாயுங்க.

— சாயறேன். ஆத்தா… மாரியாத்தா…

— முழங்கை. வெரல் இல்ல.

— முழங்கைதானுங்க! சும்மா வாத்தியாராட்ட…

— வந்துதுங்களா?

— …

— அத்தை?

— வல்லீங்க.

— …

— சித்த நேரம் போகட்டும். அதுக்குள்ள நீங்க செவலையக் கறங்க. மடி கட்டுனா நோவு வந்துரும். கட்டுத்தரை எதுத்தாப்லதான, நான் இங்கருந்தே சொல்றேன்.

— எனக்குக் கறக்கத் தெரியாதுங்களே.

— சித்தூர் காலேஜ்ல அத்தனை வருசம் படிச்சீங்களே, இதச் சொல்லித் தரலியா? கன்ன அவுத்து ரெண்டு வாய் ஊட்ட விடுங்க. இழுத்துக் கட்டிப்போட்டு, மடியக் கழுவீட்டு, மாட்டுக்கு வலப்பக்கம் உக்காருங்க.

— கன்னு வர மாட்டீங்குது.

— வராது. இழுங்க. மாமியா ஊட்டுக் கன்னுன்னு மரியாதை பாத்துட்டு நிக்காதீங்க.

— … உக்காந்துட்டேன்.

— ரெண்டு வெரல்ல இழுக்காதீங்க. முழுக் கையில புடிச்சு மேலருந்து அமுத்துங்க.

— காலத் தூக்குதுங்க.

— பேசுங்க. அதுக்குப் பேச்சுக் கேக்கோணும். ஊமையாட்டக் கறந்தா ஒதைக்கும்.

— என்ன பேசறது?

— என்னத்தையோ. நான் தக்காளி வெலை சொல்லுவேன். உங்களத் திட்டுவேன்.

— … செவலை. நான் பூபதி.

— அட சாமி! பேரு அதுக்குத் தெரியுமுங்க. மேல சொல்லுங்க.

— கொழிஞ்சாம்பாறையிலருந்து வந்தேன். வண்டியில. வழியெல்லாம் பனி.

— ஆங், சத்தம் வருது. கேனுல உழுகுது. நிறுத்தீராதீங்க.

— கிணத்துக்கடவுல அம்மா ஒரு பொண்ணு பாத்திருக்காங்க.

— தெரியும். எனக்கும் போன் பண்ணுனாங்க. நேத்துப் போறதாச் சொன்னீங்களாமா?

— போகல.

— ஏனுங்க?

— பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸும் வந்துது.

— நீங்க ஏறல. என்னாலதான? இந்தக் கைவராதவள எவ பாப்பான்னு யோசனை. அதுக்குத்தானுங்க நான் உடுமலைக்குப் போறேன். நான் இங்க இல்லீன்னா நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க? உங்க பொழப்ப நீங்க பாப்பீங்க.

— அதானுங்க.

— எது அதான்?

— நீங்க போயிட்டா நான் எங்க வர்றது? எங்க ஊட்டுல ஆரும் உங்க புள்ள பேரைச் சொல்றதில்லீங்க. எனக்கு மனசு சங்கடமாயிரும்னு போட்டோவ எடுத்து அலமாரிக்குள்ள வெச்சுட்டாங்க. ஆபீசுல கேக்கறதில்ல. இங்க வந்தாத்தான் நீங்க திட்டுவீங்க. மௌனிகாவா இருந்தா இப்படிச் செய்வாளா, மௌனிகா இப்படியா வெச்சிருப்பான்னு.

— இருங்க, இருங்க. நீங்களே அவ பேரைச் சொல்லி இப்பத்தான் கேக்கறேன்.

— … செவலை ஒதைக்கலீங்க.

— ஒதைக்காது. நீங்க சொல்லுங்க.

— பஸ்ஸுல எனக்கு சன்னல் சீட்டு குடுக்க மாட்டா. இப்பக் காலியாக் கெடந்தாலும் நான் அதுல உக்கார்றதில்லீங்க.

— சின்னதுலயே அப்படித்தான். சன்னல் குடுக்கலீன்னா வாந்தி எடுத்துருவேன்னு பொய் சொல்லுவா.

— பொய்யா அது?

— பின்னே? ஒருநாளும் எடுத்ததில்ல. உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாளா?

— கல்யாணம் ஆன மறுநாள்லருந்து.

— நம்புனீங்களா?

— நாலு வருசமா பாக்கெட்டுல எலுமிச்சம்பழம் வெச்சுட்டுத் திரிஞ்சேன்.

— அடப்பாவமே! எலுமிச்சம்பழமா! … ஏனுங்க, சிரிக்கறீங்களா?

— தெரியலீங்க.

— சிரிக்கறீங்க. எனக்குக் கேக்குது.

— … கேன்ல பாதி ஆயிருச்சுங்க.

— கண்ணத் தொடச்சுட்டுக் கறங்க. கேனுல உழுந்துரப்போகுது. எனக்கும் இந்தத் துண்டு நல்லதாப் போச்சு.

— அத்தை, வெடியால நான் வந்து கறந்து ஊத்தீர்றேன். அப்படியே வேலைக்குப் போயிக்கறேன். பத்து மணிக்கு மேல உங்க கை இருக்குது. பொழுதோடப் பாலும் நீங்க.

— மாப்பிள்ளை சாணி அள்ளறதா? ஊரு சிரிக்கும்.

— சிரிக்கட்டும்.

— மழை வந்தா?

— கோட்டு இருக்குது.

— மாத்திரை?

— அத நான் போட முடியாது. நீங்கதான் போடோணும்.

— அட, விவரந்தான். கசந்தா?

— டாக்டர்கிட்டக் கேக்கலாம். லீவு இருக்குதுங்க. நீங்க அதுக்கு யோசிக்காதீங்க.

— அந்த ஒட்டற பட்டை ரவிக்கை?

— டெய்லர்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க.

— நல்லவேளை. அதையும் நானே சொல்றேன்னு கெளம்பீருவீங்களோன்னு பயந்துட்டேன். சரி, அந்தக் கிணத்துக்கடவுப் பொண்ண?

— இப்ப வேண்டாமுங்க.

— எப்ப?

— தெரியலீங்க.

— போன தடவை வேண்டவே வேண்டாம்னீங்க. தெரியலீங்கறது எவ்வளவோ தேவலை. இருங்க, அண்ணனுக்குப் போன் போடறேன்.

— வெரலு?

— வெரல் எதுக்கு? மடக்கிக் கணுவுல அமுத்துனாப் போகுது, பெரிய மூட்டு… அண்ணா? கெளம்பீட்டியா? கெளம்பாத. வண்டி வேண்டாம். ஆமா. மாடு இருக்கட்டும், நானும் இருக்கறேன். கையா? கை அப்படியேதான் இருக்குது, ஆசுபத்திரிக்குப் போறேன். ஆரு கறக்கறதா? ஆள் இருக்குது. சம்பளமெல்லாம் இல்ல. படிச்ச ஆளு, பேசிட்டே கறக்கும். இல்லண்ணா, சண்டையெல்லாம் இல்ல. நோம்பிக்கு வர்றேன். வெச்சர்றேன்.

— என்ன சொன்னாருங்க?

— கோவம். வாடகை வண்டிக்காரன்கிட்ட என்ன சொல்றதுன்னு கேக்கறாரு. அவரு கோவம் மத்தியானச் சோத்தோட போயிரும்.

— போதுமுங்களா கறந்தது? மடி தொவண்டிருச்சு.

— கடைசிச் சொட்டு கன்னுக்கு விடுங்க. ஓடுங்க, வண்டி இன்னும் ஆரன் அடிக்கல. எங்க பேருல ஊத்தீட்டு வாங்க. ஆறுச்சாமி வாயப் பொளந்து பாப்பான், பாத்தாப் பாக்கட்டும்.

— சரிங்க. வாசல் அடுப்புல சுடுதண்ணி வெச்சுட்டுப் போறேன். நீங்க மெதுவா வெளிய வந்து கைய அதுல விட்டுட்டு உக்காந்திருங்க.

— வெளிய வர்றதா? ஏனுங்க மாப்பிள்ளை…

— சொல்லுங்க.

— உங்களக் கறக்கப் போகச் சொன்னனில்ல? அப்பவே தாப்பாள் தொறந்துருச்சுங்க.

— தெரியுமுங்க அத்தை. சத்தம் கேட்டுது.