ஒரே ஒரு சீட்டு

நெட்டி: முடிஞ்சுதா? தேசிய பாஸ்கெட்பால் போட்டிக்கு அறுபத்தெட்டு டீம் பேரையும் சொல்லிட்டாங்களா?

லொரெய்ன்: ம்... டிவியை அணைச்சிடு.

நெட்டி: இருடி, ஒருவேளை கடைசியில...

லொரெய்ன்: கடைசியும் சொல்லியாச்சு. நம்ம காலேஜ் பேரு இல்ல.

நெட்டி: இருபத்தெட்டு மேட்ச் ஜெயிச்சிருக்கோம்! நீ கோச்சு, நான் எடுபிடின்னு பதினோரு வருஷம் ஓட்டியாச்சு. இப்படியொரு பொண்ணுங்க டீம் அமைஞ்சதே இல்ல.

லொரெய்ன்: என்ன எடுபிடி? துணைக் கோச்சுன்னு கதவுல உன் பேரைப் போட்டிருக்கேனே.

நெட்டி: ஆமா, ஒரு எழுத்தை முழுங்கிட்டு!

லொரெய்ன்: சனிக்கிழமை நம்ம கூட்டணி ஃபைனல்ல ஒரே பாயின்ட்ல கோட்டை விட்டோம். நம்மள மாதிரி சின்னக் காலேஜுங்க சேந்து ஆடுற கூட்டணிக்கு தேசியப் போட்டியில இருக்கிறதே ஒரு சீட்டு. ஃபைனல் ஜெயிச்சவங்களுக்குத்தான் அது.

நெட்டி: அவங்களை சீசன்ல ரெண்டு தடவை வெளுத்தோமே!

லொரெய்ன்: அதை யாரு பாக்குறா?

நெட்டி: மீதி இடத்துக்குத் தேர்வுக் குழு ஆள் எடுக்கிறப்போ மட்டும், பெரிய காலேஜுங்க கூட்டணியில பதிமூணு மேட்ச் தோத்தவங்களுக்கும் இடம். கேட்டா, பலமானவங்ககிட்ட தோத்தாங்களாம்! நாம யார்கிட்ட ஆடுறது? எங்க ஊருக்கு வந்து ஆடுங்கன்னா போனையே எடுக்க மாட்டேங்குறாங்க.

லொரெய்ன்: இங்க வந்து தோத்தா மானம் போயிடுமே.

நெட்டி: பிள்ளைங்க எங்க?

லொரெய்ன்: உள்ள உடை மாத்துற ரூம்ல. நாலு பேருக்கு இது கடைசி வருஷம்... அதுங்க முகத்தைப் பாக்க முடியல, நெட்டி. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

நெட்டி: ஒண்ணு சொல்றேன், திட்டாத.

லொரெய்ன்: சொல்லு.

நெட்டி: போன ஏப்ரல்ல பெரிய கூட்டணி காலேஜ் ஒண்ணு என்னைத் தலைமைக் கோச்சா கூப்பிட்டாங்க. மாட்டேன்னுட்டேன்.

லொரெய்ன்: அடிப்பாவி! ஏண்டி எங்கிட்ட சொல்லல?

நெட்டி: சொன்னா நீயே பெட்டி கட்டி அனுப்பியிருப்பே. இந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு எனக்கென்ன பெரிய கூட்டணி? நம்ம காலேஜையே சேத்துக்கிட்டா சந்தோஷமாப் போயிருப்பேன். நம்மளை யாரு கூப்பிடப் போறா?

லொரெய்ன்: கூப்பிட்டாங்க. மூணு வருஷம் முன்னாடி. அந்தப் பெரிய கூட்டணிக்குப் போலாமான்னு காலேஜ் தலைவர் என்னைத்தான் கேட்டாரு. அங்க போனா அடி வாங்கி கடைசியில நிப்போம், என் வேலை போயிடும்னு பயந்து... வேண்டாம்னு சொன்னது நான்தான், நெட்டி.